மொனிற்றரை நிமித்தி வைச்ச கதை

கடைக்கு வாற ஆக்கள் உள்ளுக்கு வந்தவுடன கேக்கிற முதல் கேள்வி "என்ன தம்பி, உந்த ரீவி சரிஞ்சு போச்சோ?" எண்டு தான். ரீவியும் இல்லை சரியவும் இல்லை, கொம்பியூட்டர் மொனிற்றரை நான் தான் வேணுமெண்டு கால் சுற்றுத் திருப்பி நிமித்தி வைச்சிருக்கிறன் எண்டு சொன்னா ஒரு மாதிரிப் பாப்பினம். ஒருத்தர் ரெண்டுபேர் விசரன் எண்டு மனசுக்குள்ள நினைச்சிருக்கவும் கூடும். சரி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா விளக்கிறதை விட ஒருக்கா எழுதிப் போட்டா லிங்கைக் குடுக்கலாம் எண்டு தான் இந்தப் பதிவு.

முல்லைத்தீவு மாவட்டம் மல்லாவியில ஒரு கொமினிகேசன் வைச்சிருக்கிறன். போட்டோகொப்பி, ரைப்பிங், பிறிண்ட், லமினேற்றிங், ரீலோட், எல்லாம் ஒரே மேசை ஒரே ஆள், பின்னேரத்தில உதவிக்கு ஒரு தம்பி வருவான். துணுக்காய், யோகபுரம், பாண்டியன்குளம், வவுனிக்குளம் பக்கத்தால வாற ஆக்கள் தான் கனக்க. இஞ்ச வாற வேலையை எடுத்துப் பாத்தீங்கள் எண்டா முக்கால்வாசி நிக்கிற தாள். சத்தியக் கடதாசி, விதானையாரிட்ட குடுக்கிற கடிதம், பள்ளிக்கூட வினாத்தாள், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுற பெடியளின்ர நோட்டீஸ், பிறகு கண்ணீர் அஞ்சலி. எல்லாமே மேல இருந்து கீழ நீளமான தாள். ஆனா அதை அடிக்கிற மொனிற்றர் மட்டும் பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கிடக்குது. இது எனக்கு வருசக்கணக்கா உறைக்கேல்லை பாருங்கோ.

அப்ப என்னட்டை இருந்தது 21.5 இஞ்சி மொனிற்றர். ஒருநாள் சும்மா அளவுகோலை வைச்சு அளந்தன். திரையின்ர உயரம் 26.8 சென்ரிமீற்றர். ஒரு ஏ4 தாளின்ர நீளம் 29.7. அதாவது உண்மையான அளவில ஒரு ஏ4 தாளைப் பாக்கவே அந்தத் திரை காணாது, அதுக்குள்ள வேர்ட்டின்ர மேல் பட்டி, கீழ டாஸ்க்பார் எல்லாம் போக மிஞ்சிறது தாளின்ர முக்கால்வாசி கூட இல்லை. அதேநேரம் ரெண்டு பக்கத்திலயும் சும்மா சாம்பல் நிறமாக் காணி தரிசாக் கிடக்குது.

இதால என்ன நட்டம் எண்டு கேக்கலாம். கண்ணீர் அஞ்சலி அடிக்கிற ஆக்களுக்குத் தான் தெரியும். வீட்டுக்காரர் பக்கத்தில நிண்டு எழுத்துப்பிழை பாப்பினம். மேல் பாதியைப் பாத்து "சரி" எண்டுவினம், கீழ உருட்டுவன், கீழ் பாதியைப் பாத்து "சரி" எண்டுவினம், பிறிண்ட் எடுத்துக் கையில குடுத்தாப் பிறகு தான் "ஐயோ தம்பி, ரெண்டாவது மருமகன்ர பேர் எங்க?" எண்டு வரும். உருட்டேக்க ரெண்டு பாதிக்கும் இடையில அந்த மனுசன் தொலைஞ்சு போயிருப்பார். மருமகன்ர பேர் விடுபட்ட நோட்டீஸ் மதிலில ஒட்டினா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, 31ம் நாள் அந்தியேட்டி வரைக்கும் இழுபடும். ஆக ஒவ்வொரு நோட்டீசுக்கும் ரெண்டு மூண்டு தாள் சரிபாக்கிறதுக்கே போகும், கலர் மையும் சேத்து. முழுத் தாளையும் ஒரே பார்வையில காட்டினா இந்தப் பிரச்சினை பாதி குறையும் எண்டு பட்டது, அதுக்குத் திரையைத் திருப்பிறதைத் தவிர வேற வழியில்லை. அதே 21.5 இஞ்சியை நிமித்தினா அகலம் 26.8, உயரம் 47.6. ஏ4 முழுசா வரும், அதுவும் உண்மையான தாளை விடக் கால்பங்கு பெரிசா வரும். வெள்ளெழுத்து விழுந்த ஆக்களுக்கு அது பெரிய காரியம்.

என்ர மொனிற்றரின்ர ஸ்டாண்டில திருப்பிற வசதி இல்லை. முன்னுக்குப் பின்னுக்குச் சரிக்கலாம், அவ்வளவு தான். ஆனா முதுகைப் பாத்தா நாலு ஓட்டை சதுரமா இருந்தது. அது தான் வீசா மவுண்ட் எண்டுறது. (பாஸ்போட்டில குத்திற வீசா இல்லை, அது வேற, அதுக்கும் என்னட்டைத் தான் போம் நிரப்ப வருவினம்.) சின்ன மொனிற்றர்களுக்கு அனேகமா 75க்கு 75 மில்லிமீற்றர், இல்லாட்டி 100க்கு 100, ஸ்குறூ எம்4. இதில முக்கியமான விசயம் அது சதுரம் எண்டது. சதுரம் எண்டபடியா நாலு ஸ்குறூவையும் கழட்டி, மொனிற்றரைக் கால் சுற்றுத் திருப்பி, அதே ஓட்டையளில திரும்பப் பூட்டலாம். விலை கூடின ஸ்டாண்ட் ஒண்டும் வேண்டாம். ஆனா சில மலிவு மொனிற்றர்களில அந்த நாலு ஓட்டையே வைக்கிறேல்லை, அதால வாங்க முதல் முதுகைத் தடவிப் பாக்கிறது நல்லது.

மேசை விளிம்பில கிளாம்ப் பூட்டி மொனிற்றரைத் தாங்கிற ஆர்ம் ஒண்டு கொழும்பில இருந்து எடுப்பிச்சன். வந்து பாத்தா கிளாம்ப் என்ர மேசைக்கு வாய் திறக்காதாம். மேசை முதிரைப் பலகை, அப்பா செய்விச்சது, கீழ சட்டமும் சேத்தா ஒரு சாண் மொத்தம். அந்த ஆர்ம் செய்தவங்கள் மேசை எண்டா மட்டைப் பலகை எண்டு நினைச்சிருக்கிறாங்கள். கடைசியில றோட்டுக்கு அங்கால இருக்கிற வெல்டிங் பட்டறை அண்ணை தான் பொக்ஸ் பார் துண்டில ஒரு கால் அடிச்சு, மேல தகட்டில 100 மில்லிமீற்றருக்கு நாலு ஓட்டை துளைச்சுத் தந்தார். பாக்க மாட்டுக்கொட்டில் தூண் மாதிரி இருக்கும், ஆனா அசையாது.

கொம்பியூட்டருக்குச் சொல்லிறது லேசு. டெஸ்க்டொப்பில றைட் கிளிக், டிஸ்பிளே செற்றிங், ஓரியன்டேசன் எண்டதில போர்ட்றெயிட் எண்டு போட்டாச் சரி. 1920க்கு 1080 புள்ளி (பிக்சல்) இருந்தது 1080க்கு 1920 ஆகும். போர்ட்றெயிட் ரெண்டு விதம் இருக்கும், சாதாரணம் ஒண்டு, ஃபிளிப்ட் எண்டு இன்னொண்டு, மொனிற்றரை எந்தப் பக்கத்துக்குத் திருப்பினனீங்கள் எண்டதைப் பொறுத்து. பிழையானதைப் போட்டா எல்லாம் தலைகீழா வரும், மவுசும் எதிர்ப்பக்கம் ஓடும், 15 செக்கன் பொறுத்தா அதுவே பழைய நிலைக்குப் போயிடும், பயப்பிடத் தேவையில்லை.

தலைகீழ் எண்டோண்ண ஞாபகம் வருது. இன்டெல் கிறபிக்ஸ் உள்ள பழைய மெசினுகளில கொன்ட்றோல், ஓல்ட் ரெண்டையும் அமத்திக்கொண்டு அம்புக்குறி கீயைத் தட்டினா திரை திரும்பும். இது தெரியாம சின்னப் பிள்ளையள் தட்டிவிட்டிடுவினம். ஒரு ஐயா லப்டொப்பைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு கடைக்குள்ள வந்தவர், ரெண்டு கிழமையா அப்பிடித் தான் வீட்டில பாவிச்சவையாம், கீபோர்ட் மேல இருக்க திரை கீழ இருக்க, மகன் ஒன்லைன் வகுப்பும் அப்பிடியே படிச்சவனாம். நான் மூண்டு கீயைத் தட்டினன், நேரா வந்திட்டுது. காசு கேக்க வெக்கமாப் போச்சு.

சரி, திருப்பி வைச்சாச்சு, முதல் நாள் பெரிய சந்தோசம். ஏ4 முழுசாத் தெரியுது, உருட்டத் தேவையில்லை, நாலு நாள் நல்லாப் போச்சு. அஞ்சாம் நாள் ஒரு அக்கா தகப்பன்ர கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தவ. படம் நல்ல படம், ஸ்டூடியோவில எடுத்தது. நான் போட்டு ஒழுங்குபடுத்திப் போட்டுப் பாக்கச் சொன்னன். அவ எனக்கு இடப்பக்கத்தில நிண்டவ. பாத்திட்டு ஒண்டும் சொல்லாம நிண்டா, பிறகு மெல்லமாக் கேட்டா, "தம்பி, அப்பான்ர முகம் ஏன் இப்பிடிக் கருகின மாதிரிக் கிடக்கு?"

எனக்கு விளங்கேல்லை, எனக்கு வடிவாத் தான் தெரியுது. எழும்பி அவ நிண்ட இடத்தில போய் நிண்டு பாத்தன். கண்ணுக்குக் கீழ கறுப்பு, கன்னம் பிலிம் நெகட்டிவ் மாதிரி, வெள்ளைச் சேட்டு ஒரு பழுப்பு. உண்மையா அந்தரப்பட்டுப் போனன். பிறிண்ட் எடுத்துக் காட்டின பிறகு தான் அவவுக்கு மூச்சு வந்தது. ஆனா அண்டைக்கு நான் நினைச்சது, இந்தச் சாமானில ஏதோ அடிப்படையிலயே பிழை இருக்கு எண்டு.

பிழை பனலில, அதாவது படம் காட்டிற திரைத் தகட்டில. பழைய மலிவான எல்சிடி கனக்கத்தில இருக்கிறது ரீஎன் எண்ட வகைப் பனல். இதுக்கு ரெண்டு பக்கவாட்டால பாத்தா ஓரளவு பறவாயில்லை, ஆனா மேல கீழ பலவீனம். மேல இருந்து பாத்தா நிறம் வெளிறும், கீழ இருந்து பாத்தா கறுக்கும், இன்னும் கீழ போனா நிறமே புரண்டு நெகட்டிவ் ஆகும். சாதாரணமா வைக்கேக்க இது பிரச்சினை இல்லை, ஏனெண்டா மேசைக்குக் கீழ இருந்து ஆரும் மொனிற்றர் பாக்கிறேல்லை. ஆனா கால் சுற்றுத் திருப்பினவுடன அந்த "கீழ்" எண்டது இப்ப "இடம்" ஆகிப் போகுது. என்ர வாடிக்கையாளர் எல்லாரும் நிக்கிறது இடப்பக்கம். அதுமட்டுமில்லை, நேரா முன்னால இருந்தாலும் இடக்கண்ணும் வலக்கண்ணும் வேற வேற கோணத்தால பாக்கிறபடியா ரெண்டுக்கும் ஒரே வெளிச்சம் போகாது, ஒரு மினுக்கம் மாதிரி இருக்கும். அந்த நாலு நாளும் பின்னேரத்தில தலையிடிச்சது வெயிலால எண்டு நினைச்சிருந்தன்.

தற்காலிகமா ஒரு வேலை செய்தன். ஸ்குறூவைக் கழட்டி மற்றப் பக்கத்துக்குத் திருப்பிப் பூட்டி, ஃபிளிப்ட் போட்டன். இப்ப கறுக்கிற பக்கம் சுவர்ப்பக்கம், அங்க பல்லியைத் தவிர ஆரும் இல்லை. வாடிக்கையாளருக்கு வெளிறின பக்கம் வரும், கருகிறதை விட வெளிறிறது பறவாயில்லைத் தானே. ரீஎன் மொனிற்றரை வைச்சு நிமித்தப் போற ஆக்கள் இதையாவது செய்து பாருங்கோ, எந்தப் பக்கம் திருப்பிறது எண்டதில கனக்க இருக்கு.

பிறகு தான் ஐபிஎஸ் பனல் தேடத் தொடங்கினன். ஐபிஎஸ் எண்டா எந்தப் பக்கத்தால பாத்தாலும் நிறம் பெரிசா மாறாது, திருப்பி வைக்கிறதுக்கு அது தான் சரி. விஏ எண்டு மூண்டாவதொண்டு இருக்கு, கறுப்பு நல்லா வரும், ஆனா சாய்ச்சுப் பாத்தா கொஞ்சம் வெளிறும், நடுத்தரம். புதுசு வாங்கக் கையில வசதி இல்லை, வெளிநாட்டு ஒபிசுகளில கழிச்சு விட்டு இஞ்ச வாற பழைய மொனிற்றர்கள் இருக்குத் தானே, அதுக்குள்ள தேடினன். ஒபிஸ் மொனிற்றர்களில ஒரு நல்ல பழக்கம், ஸ்டாண்ட் அனேகமாத் தரமா இருக்கும், உயர்த்தலாம் பதிக்கலாம் திருப்பலாம். எனக்குக் கிடைச்சது டெல் யூ2412எம், 2011இல வந்த மொடல், 24 இஞ்சி, ஐபிஎஸ். இதில இன்னொரு அதிஸ்டம் என்னெண்டா இதின்ர அகல உயர விகிதம் 16க்கு 9 இல்லை, 16க்கு 10. அதாவது 1920க்கு 1200. படுக்க வைக்கேக்க இந்த வித்தியாசம் பெரிசாத் தெரியாது, நிமித்தினா அகலம் 1080க்குப் பதிலா 1200 புள்ளி வருது. அந்த 120 புள்ளி எவ்வளவு பெறுமதி எண்டு பிறகு சொல்றன். எச்டிஎம்ஐ துளை அதில இல்லை, டீவிஐ, வீஜீஏ, டிஸ்பிளேபோர்ட் தான், வாங்கிறவை வயரையும் யோசிச்சு வாங்குங்கோ.

வாங்கப் போகேக்க ஒரு சின்னப் பரிசோதனை. கடையில மொனிற்றரைப் போடச் சொல்லி ஏதாவது ஒரு ஆளின்ர படத்தை முழுத்திரையில வைச்சிட்டு, குந்தி இருந்து கீழ இருந்து மேலாப் பாருங்கோ. முகம் கருகினா எழும்பி வந்திடுங்கோ. கடைக்காரன் ஐபிஎஸ் எண்டு சொன்னாலும் சரி, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி. நான் அப்பிடிக் குந்தேக்க கடைக்காரப் பெடியன் நான் காசைக் கீழ போட்டிட்டன் எண்டு நினைச்சுத் தானும் தேடினவன்.

பிவட் ஸ்டாண்டை, அதாவது சுத்தக்கூடிய ஸ்டாண்டைத் திருப்பிறதிலயும் ஒரு முறை இருக்கு. 24 இஞ்சி எண்டிறது மூலைவிட்டம், அது 61 சென்ரிமீற்றர். திருப்பேக்க மூலை ஒரு வட்டம் அடிக்கும், அந்த வட்டத்தின்ர ஆரை 30.5, சட்டத்தையும் சேத்தா இன்னும் கொஞ்சம். மொனிற்றரின்ர நடு மேசையில இருந்து அவ்வளவு உயரத்தில இல்லாட்டி மூலை மேசையில இடிக்கும், அதால முதல்ல முழுசா உயர்த்தி, பின்பக்கம் கொஞ்சம் சாய்ச்சு, பிறகு தான் சுத்த வேணும். கன ஸ்டாண்டுகள் ஒரு பக்கத்துக்கு மட்டும் தான் சுத்தும், மற்றப் பக்கம் நெரிச்சா உடையும். வயருகளுக்கும் இளக்கம் விட்டிருக்க வேணும். படுத்திருக்கேக்க கீழ பாத்த துளையள் எல்லாம் நிமித்தினாப் பக்கத்தைப் பாக்கும், வீஜீஏ மாதிரி மொத்த வயர் எண்டா பாரத்தில இழுத்துக்கொண்டு நிக்கும், ஸ்குறூ பூட்டாட்டித் திரை நீலமா மஞ்சளா மாறும். எங்கட றோட்டுப் புழுதிக்கும் எறும்புக்கும் பக்கத்தால திறந்த துளை நல்ல வாசல், நான் பாவிக்காத துளையளுக்கு ரேப் ஒட்டி வைச்சிருக்கிறன்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு எண்டு நான் நினைச்சிருந்தன், தேடிப் பாத்தா எனக்கு முதல் பிறந்த யோசினை. 1973இல செரொக்ஸ் ஆக்கள் செய்த ஆல்ட்டோ எண்ட கொம்பியூட்டரின்ர திரை நிக்கிற திரை தானாம், 606க்கு 808 புள்ளி. ஏனெண்டா அவையள் போட்டோகொப்பிக் கொம்பனி, தாளைத் தானே நினைப்பினம். எனக்கு அதை வாசிக்க ஒரு சந்தோசம், நானும் போட்டோகொப்பிக்காரன் தானே. பிறகு மக்கின்ரொஷ் செய்த ஆக்களில சிலர், பரல் ஸ்மித், அன்டி ஹேட்ஸ்பெல்ட் ரெண்டுபேரும் அதுக்குள்ள, 1986இல றேடியஸ் எண்டு ஒரு கொம்பனி தொடங்கினவை. அவையின்ர பிவட் எண்ட மொனிற்றர் 90களின்ர தொடக்கத்தில வந்தது. நினைச்சுப் பாருங்கோ, அது குழாய் மொனிற்றர், பெட்டி மாதிரி. அதைக் கையால சுத்தினா உள்ள இருக்கிற படமும் தானாச் சுத்தி நேரா நிக்குமாம். இப்ப வாற அனேக மொனிற்றரில அது கூட இல்லை, நாங்கள் சுத்தினாலும் கொம்பியூட்டருக்குத் தெரியாது, நாங்கள் தான் போய்ச் செற்றிங்கில சொல்ல வேணும். கையில கிடக்கிற போன் செய்யிற வேலையை மேசையில கிடக்கிறது செய்யாது. மொனிற்றர்க் கொம்பனியளின்ர சொவ்ட்வெயார் போட்டா சில மொடல் தானாத் திரும்பும், என்ரயில நான் அதெல்லாம் போடேல்லை.

இனிக் குறையளுக்கு வாறன், இது தான் ஒருத்தரும் சொல்லாத பகுதி.

எழுத்து. ஒரு புள்ளிக்குள்ள சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூண்டு கோடு பக்கத்துக்குப் பக்கம் நிக்குது. வின்டோசின்ர கிளியர்டைப் எண்டிறது இந்த மூண்டு கோட்டையும் தனித்தனியாப் பாவிச்சு எழுத்தின்ர ஓரத்தைச் செதுக்கிற வித்தை, அதால தான் எழுத்து கூர்மையாத் தெரியுது. மொனிற்றரைத் திருப்பினா அந்த மூண்டு கோடும் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கப்பட்டுப் போகும், கிளியர்டைப் அப்பவும் பக்கத்துக்குப் பக்கம் நிக்குது எண்டு நினைச்சுத் தான் கணக்குப் பாக்கும். விளைவு, எழுத்தின்ர ஓரத்தில மெல்லிசா ஒரு நிறப் பிசிறு. இங்கிலிசில ஐ, எல், ரீ எண்டு நேர் கோடு கனக்க, பெரிசாத் தெரியாது. எங்கட தமிழ் முழுக்கச் சுழி. சின்ன எழுத்தில "கண்ணன்" எண்டு அடிச்சா ணவுக்கு மூண்டு சுழியோ னவுக்கு ரெண்டு சுழியோ எண்டு கண்ணைச் சுருக்கிப் பாக்க வேண்டி வரும், மேல இருக்கிற குத்து புழுதியோ குத்தோ எண்டு சந்தேகம். பேர் தான் முக்கியம் எண்ட தொழிலில இது சின்ன விசயம் இல்லை.

ஆனா எல்லா சொவ்ட்வெயாரிலயும் இப்பிடி இல்லை. வேர்ட் 2013இல இருந்து கிளியர்டைப்பை விட்டிட்டுச் சாம்பல் நிறத்தில தான் ஓரத்தை மிருதுவாக்குது, அதுக்கு மொனிற்றர் எப்பிடி நிண்டாலும் ஒண்டு தான். நான் இன்னும் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவோட பேஜ்மேக்கர் எண்ட பழைய சொவ்ட்வெயாரில வேலை செய்யிற ஆள், அதில பிசிறு தெரியும். கிளியர்டைப் ரியூனர் எண்டு வின்டோசுக்குள்ள ஒண்டு இருக்கு, மொனிற்றருக்கு மொனிற்றர் தனியா ஓட்டலாம், ஓட்டினா கொஞ்சம் குறையும், முழுசாப் போகாது. நான் செய்யிற வழி பேர் வாற இடத்தை 200 வீதம் பெருப்பிச்சு ஒருக்காப் பாக்கிறது.

அடுத்தது ஒண்டு, இதை எனக்குக் காட்டித் தந்தது கடையில உதவிக்கு வாற தம்பி. "அண்ணை, உருட்டேக்க எழுத்து சரியுது" எண்டான். எனக்குத் தெரியேல்லை. பிறகு விடாமப் பாத்தா உண்மை தான், நீளப் பட்டியல் ஒண்டைக் கெதியா உருட்டேக்க ஒரு பக்கம் முன்னுக்குப் போக மற்றப் பக்கம் பின்னுக்கு இழுபடுது, வரி சரிஞ்ச மாதிரி, ஜெலி ஆடின மாதிரி. காரணம் மொனிற்றர் படத்தை ஒரேயடியாப் போடுறேல்லை, மேல் வரியில தொடங்கிக் கீழ் வரி வரைக்கும் ஒவ்வொரு வரியாப் போட்டுக்கொண்டு வரும், 60 ஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 60 தரம் எண்டா ஒருக்காப் போட்டு முடிக்க 16.7 மில்லிசெக்கன் மட்டில. திருப்பினா அந்த மேல் கீழ் இப்ப இடம் வலம். நாங்கள் மேல கீழ உருட்ட, அது பக்கவாட்டாப் போடுது. 2021இல வந்த ஐபாட் மினியிலயும் இதே மாதிரித் தான் எண்டு உலகம் முழுக்கக் கதைச்சவை. அந்தத் தம்பி சொல்லாம விட்டிருந்தா நான் சாகும் வரைக்கும் கவனிச்சிருக்க மாட்டன், இப்ப ஒவ்வொரு நாளும் தெரியுது. இதை வாசிச்ச உங்களுக்கும் இனித் தெரியும், குறை நினைக்காதேங்கோ.

போட்டோசொப்புக்கு நிமித்தினது சரிவராது. இடப்பக்கம் கருவிப் பட்டி, வலப்பக்கம் லேயர் பட்டி, ரெண்டும் போக நடுவில ஒழுங்கை மாதிரி ஒரு துண்டு தான் மிஞ்சும். அந்த 120 புள்ளி உதவிறது இஞ்ச தான், 1080இல மூச்சு முட்டினது 1200இல கொஞ்சம் இடம் விடுது, எண்டாலும் காணாது. எக்செல் கலப்பு. வீட்டுத்திட்டப் பயனாளியள் பட்டியல் மாதிரி ஆக்கள் கனக்க, நிரல் குறைய எண்டா நிமித்தினது சொர்க்கம், ஒரே பார்வையில முழுக் கிராமமும் தெரியும். வருசம் முழுக்க மாதம் மாதமாப் போற கணக்கு எண்டா டிசம்பரைக் காண ஊர்ந்து போக வேணும். வீடியோவைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை, 1080 அகலத்துக்குள்ள 16க்கு 9 படம் போட்டா உயரம் 607 புள்ளி மட்டில தான், திரையில மூண்டில ஒரு பங்கு, மிச்சம் மேலயும் கீழயும் கறுப்பு. மட்ச் நடக்கிற நாளில கடைக்குள்ள நிக்கிற பெடியள் கேட்டுக் கேட்டுக் களைச்சு இப்ப தங்கட போனிலயே பாக்கினம். ஒரு வகையில கடைக்கு நல்லது.

கழுத்து. இது விளையாட்டில்லை. திரையின்ர மேல் விளிம்பு கண் மட்டத்தில, இல்லாட்டிக் கொஞ்சம் கீழ இருக்க வேணும் எண்டு சொல்லுவினம். அரை மீற்றர் உயரமான திரைக்கு அது நடக்கோணும் எண்டா கீழ் விளிம்பு மேசையைத் தொட்டுக்கொண்டு நிக்க வேணும். என்ர இரும்புத் தூணில அப்பிடிப் பதிக்க ஏலாது, பிளாஸ்டிக் கதிரையை உயர்த்தவும் ஏலாது, முதல் மாதம் கொக்கு மாதிரி அண்ணாந்து கொண்டிருந்தன். ரெண்டு பகுதிக் கண்ணாடி போடுற ஆக்களுக்கு இன்னும் மோசம், வாசிக்கிற துண்டு கீழ இருக்கிறபடியா மேல் வரியைப் பாக்க நாடியைத் தூக்க வேணும். டெல்லின்ர ஸ்டாண்ட் வந்த பிறகு பதிச்சு வைச்சன், கதிரைக்குக் கீழ ஒரு பழைய மெத்தை மடிச்சுப் போட்டன், சரியாப் போச்சு.

மொனிற்றரின்ர பட்டன் பக்கத்துக்குப் போயிடும், மெனு சிலதில படுத்தபடியே வரும், தலையைச் சரிச்சு வாசிக்க வேணும். இதெல்லாம் சில்லறை.

நான் இப்ப வைச்சிருக்கிற விதம், பழைய ரீஎன் மொனிற்றரைத் திரும்பப் படுக்க வைச்சாச்சு, அது போட்டோசொப்புக்கும் வட்சப்பில வாற படங்களை இறக்கிறதுக்கும். டெல் பக்கத்தில நிக்குது, அது தாளுக்கு. ஒரு படுத்ததும் ஒரு நிண்டதும், இது தான் எனக்குப் பொருந்தினது. ஒண்டு தான் வாங்க ஏலும் எண்டா, தாள் அடிக்கிற தொழில் இல்லாட்டிப் படுக்கவே வைச்சிருங்கோ, சும்மா வடிவுக்கு நிமித்த வேண்டாம். ரெண்டு வைக்கிற ஆக்கள் டிஸ்பிளே செற்றிங்கில ரெண்டு பெட்டியையும் இழுத்து உயரத்தை ஒத்து வையுங்கோ. ஒண்டு 1080 உயரம் மற்றது 1920, மவுசை நிண்டதின்ர மேல் பகுதியால படுத்ததுக்குக் கொண்டு போகேக்க அங்கால திரை இல்லை, மவுஸ் வேலியில முட்டின ஆடு மாதிரி நிண்டிடும். பழுது எண்டு நினைச்சு நான் ஒரு மவுசை மாத்தினனான். மாத்தினது வீண்.

கரண்ட் விசயமும் ஒண்டு. ரெண்டு மொனிற்றர் எண்டா யூபிஎஸ் கெதியாக் களைக்கும். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டின காலத்தில எனக்கு ஒண்டுக்கே வழியில்லாம லப்டொப்போட மாரடிச்சனான், அந்த நேரம் ரெண்டு இருந்திருந்தா ஒண்டைக் கழட்டித் தான் வைச்சிருப்பன். இப்ப லயிட் போனவுடன முதல் அமத்திறது படுத்ததை.

அந்த அக்கா 31ம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கத் திரும்ப வந்தவ. டெல் வந்து ரெண்டு நாள் தான் அப்ப. கல்வெட்டு எண்டா செத்தவரின்ர நினைவாக் குடுக்கிற, ஏ4 தாளை நடுவில மடிக்கிற புத்தகம், ரெண்டு பக்கத்தையும் விரிச்சுப் பாத்தா அது படுத்த தாள். நிண்டிருந்த மொனிற்றரை உயர்த்தி, சாய்ச்சு, திரும்பப் படுக்க வைச்சன். அந்த ஸ்டாண்ட் திருப்பேக்க ஒரு "கிறீச்" கேக்கும், எண்ணெய் விட்டும் போகேல்லை. இப்ப பின்னுக்கு நிண்டு போட்டோகொப்பி அடிக்கிற தம்பிக்கு அந்தச் சத்தம் கேட்டாக் காணும், பாக்காமலே தடிச்ச மட்டையை எடுத்து வைப்பான், கல்வெட்டுக்கு அட்டை போட.

அக்கா அதே இடப்பக்கத்தில வந்து நிண்டவ. படத்தைப் பாத்தா, பிறகு கொஞ்சம் தள்ளி நிண்டு பாத்தா, பிறகு கிட்ட வந்து பாத்தா.

"இது வேற படமோ தம்பி?"

"அதே படம் தானக்கா."

"ம்ம்" எண்டிட்டு எழுத்துப்பிழை பாக்கத் தொடங்கினா. ரெண்டாவது மருமகன்ர பேரில ணவுக்குப் பதிலா ன விழுந்திருந்தது.